ஜூலை 1-க்குள் கட்ட வேண்டிய பணம்: சர்ஃப்சைடு அடுக்ககச் சங்கத்தின் மூன்று ஆண்டுகள்

2021 ஏப்ரல் 9. ஃப்ளோரிடாவில் மியாமி பீச்சுக்கு வடக்கே ஒட்டியிருக்கும் சின்ன ஊர் சர்ஃப்சைடு. அங்கே கடலைப் பார்த்து நிற்கும் 12 மாடி அடுக்ககம் ஒன்றின் சங்கத் தலைவி, சக உரிமையாளர்களுக்கு ஒரு நீண்ட கடிதம் அனுப்பினார். கார் நிறுத்துமிடத்தில் கண்ணுக்குத் தெரிகிற சேதம் 2018-ல் பார்த்ததைவிட மிகவும் மோசமாகிவிட்டது, கான்கிரீட் சிதைவு வேகமெடுக்கிறது, அதனால்தான் செலவும் ஏறியிருக்கிறது என்று விளக்கியிருந்தார். இதில் பல வேலைகளைப் போன ஆண்டுகளிலேயே செய்திருக்கலாம், திட்டமாவது போட்டிருக்கலாம், என்ன செய்வது, இப்போது இங்கே வந்து நிற்கிறோம் என்கிற தொனி. ஆண்டுக்கணக்காகப் பேசியாயிற்று, விவாதித்தாயிற்று, சண்டையும் போட்டாயிற்று என்றும் ஒளிக்காமல் எழுதியிருந்தார்.

நான்கு நாள் கழித்து, பழுதுபார்க்கும் செலவுக்காக 1.5 கோடி டாலர் வசூலுக்கு நிர்வாகக் குழு ஒப்புதல் கொடுத்தது. ஒரு படுக்கையறை வீட்டின் பங்கு 80,190 டாலர். உச்சியில் இருக்கும் பென்ட்ஹவுஸின் பங்கு 3,36,135 டாலர். மொத்தமாகக் கட்டிவிடலாம், முடியாதவர்கள் 15 ஆண்டுகளுக்கு மாதத் தவணையாகக் கட்டலாம். எந்த வழியானாலும் ஜூலை 1-க்குள் பணம் வரத் தொடங்க வேண்டும்.

ஜூன் 24 அதிகாலை 1.22 மணிக்கு அந்தக் கட்டடத்தின் ஏறக்குறைய பாதி இடிந்து விழுந்தது. 98 பேர் இறந்தார்கள்.

கட்டடத்தின் பெயர் சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சவுத். கம்பி துருப்பிடித்தது, உப்புக்காற்று, பக்கத்து மனையில் நடந்த கட்டுமானம் என்று பொறியியல் பக்கத்தைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டார்கள். எனக்கு அதைவிட விளங்கிக்கொள்ளத் தோன்றியது சங்கக் கூட்டங்களைத்தான். கையில் பொறியாளர் அறிக்கை இருந்தது, தொகை தெரிந்திருந்தது, வசூலிக்கச் சட்டத்தில் அதிகாரமும் இருந்தது. அப்புறம் ஏன் மூன்று ஆண்டு ஆனது?

முதலில் இந்தச் சங்கம் எப்படி இயங்குகிறது என்று பார்த்துவிடலாம். அமெரிக்காவில் தனி வீடுகள் உள்ள குடியிருப்புக்கு ஒரு வகைச் சங்கம், கான்டோ எனப்படும் அடுக்ககத்துக்கு இன்னொரு வகை. இரண்டிலும் அச்சு ஒன்றுதான். வீடு வாங்குகிறவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் உறுப்பினர். உரிமையாளர்களே தங்களுக்குள் சிலரை போர்டுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்தக் கட்டடத்தில் ஏழு பேர். பொதுவாகச் சம்பளம் கிடையாது. நாம் மெயின்டனன்ஸ் என்கிறோமே, அந்த மாதக் கட்டணத்தில் அன்றாடச் செலவு நடக்கும். நாம் கார்பஸ் என்று எடுத்து வைப்பதுபோல அவர்களுக்கு ரிசர்வ். கூரை, பெயின்ட் என்று பல ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெருஞ்செலவுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கும் பணம். அதுவும் போதாமல் ஒரே அடியாகக் கேட்டால் அது ஸ்பெஷல் அசெஸ்மென்ட். கட்டாதவர் வீட்டின் மேல் சங்கம் பற்றுரிமை (பாக்கிக்கு வீட்டையே பிணையாகப் பிடிக்கும் உரிமை) போடலாம், ஆண்டுக்கு 18 சதவீதம் வரை வட்டி கேட்கலாம், கடைசியில் வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுபோகலாம்.

இதையெல்லாம் பார்த்தால் போர்டின் கையில் பெரிய சாட்டை இருப்பதுபோலத் தெரியும். மறுபக்கத்தையும் பாருங்கள். ஃப்ளோரிடாவின் கான்டோ சட்டப்படி, உரிமையாளர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டால் காரணமே சொல்லாமல் போர்டு உறுப்பினரை இறக்கிவிடலாம். போன ஆண்டைவிடக் கட்டணம் 15 சதவீதத்துக்கு மேல் ஏறினால், அன்று பத்தில் ஒரு பங்கினர் மனுக் கொடுத்துத் தனிக்கூட்டம் கூட்டி மாற்று பட்ஜெட் கேட்க முடிந்தது. அன்றைய சட்டத்தில் இன்னொரு வசதியும் இருந்தது: கூட்டத்தில் பெரும்பான்மை கை தூக்கினால் அந்த ஆண்டுக்கான ரிசர்வ் பணத்தைக் குறைக்கலாம், அடியோடு தள்ளுபடியும் செய்யலாம். இது வருடாவருடம் கேட்கக்கூடிய கேள்வி. எழுபத்தைந்து வயதில் ஓய்வூதியத்தில் வாழ்கிறவரிடம் போய், இருபது ஆண்டு கழித்து வரப்போகும் கூரைச் செலவுக்கு இந்த மாதம் கூடுதலாக நூறு டாலர் கொடுங்கள் என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? வீட்டை அடுத்த ஆண்டு விற்கப்போகிறவர் என்ன சொல்வார்? இருவருமே தப்பாகக் கணக்குப் போடவில்லை என்பதுதான் சிக்கல்.

சாம்ப்ளெய்ன் சவுத்தில் எல்லா வகையினரும் இருந்தார்கள். எண்பதுகளிலிருந்தே குடியிருந்தவர்கள், கைக்குழந்தையோடு புதிதாக வந்தவர்கள், லத்தீன் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு மட்டும் வந்துபோகிறவர்கள். ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் அந்தக் கூரை இன்னும் எத்தனை ஆண்டு தாங்க வேண்டும் என்பதில் ஆளுக்கொரு கணக்கு.

கட்டடம் 1981-ல் முடிந்தது. அன்றைய விதிப்படி மியாமி-டேட் மாவட்டத்தில் கட்டடத்துக்கு 40 வயதானால் பொறியாளரைக் கொண்டு சோதித்து மறுசான்று வாங்க வேண்டியிருந்தது. இந்த விதி வந்ததே ஒரு சாவுக்குப் பிறகுதான். 1974 ஆகஸ்டில் மியாமி நகர மையத்தில் போதைப்பொருள் தடுப்புத் துறை இயங்கிய கட்டடம் இடிந்து ஏழு பேர் இறந்தார்கள். சாம்ப்ளெய்ன் சவுத்துக்கு 2021-ல் நாற்பது நிறைகிறது. அதற்குத் தயாராகலாம் என்று போர்டு 2018-லேயே ஒரு பொறியியல் நிறுவனத்தை அமர்த்தியது. இதைப் பாராட்டத்தான் வேண்டும். கெடுவுக்கு மூன்று ஆண்டு முன்பே ஆளைக் கூப்பிட்ட சங்கம் இது.

2018 அக்டோபர் 8 தேதியிட்ட அறிக்கை வந்தது. நீச்சல்குளத்தைச் சுற்றியுள்ள தளத்துக்கும் வாசல் பாதைக்கும் கீழே போட்டிருந்த நீர்க்காப்பு ஆயுள் முடிந்து போய்விட்டது, அதனால் அடியிலிருக்கும் கான்கிரீட் பலகைக்குப் பெரிய அளவில் கட்டமைப்புச் சேதம் என்று எழுதியிருந்தார்கள். மூல வரைபடத்திலேயே பெரிய பிழை இருந்தது. தளத்துக்குச் சரிவு கொடுக்கவில்லை. மொட்டைமாடிக்குத் தளம் போடும்போது நம் ஊர் மேஸ்திரி முதலில் பார்ப்பது தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதைத்தான். இங்கே தண்ணீர் ஓடவே வழியில்லை, தானாக ஆவியாகும்வரை தேங்கி நிற்க வேண்டியதுதான். நீர்க்காப்பைச் சீக்கிரம் மாற்றாவிட்டால் சிதைவு பன்மடங்கு வேகத்தில் பரவும் என்றும் அறிக்கை எச்சரித்தது. மொத்த மதிப்பீடு சுமார் 91 லட்சம் டாலர். அதில் கார் நிறுத்துமிடம், வாசல், குளத்தளம் சேர்ந்து 38 லட்சம்.

இந்த அறிக்கையை இப்போது படித்தால் உடம்பு சில்லிடுகிறது. அப்போது படித்தவர்களுக்கு அது வேறு மாதிரித் தெரிந்திருக்கும். கட்டடம் விழும் என்றோ எல்லோரும் உடனே வெளியேறுங்கள் என்றோ அதில் இல்லை. பால்கனி ஓரங்கள், ஜன்னல், வெளிப்பூச்சு எல்லாவற்றோடும் சேர்ந்துதான் குளத்தளமும் வருகிறது. சேதத்தைச் சரிசெய்தால் கட்டடத்தின் ஆயுள் நீளும் என்கிற நிதானமான பொறியாளர் மொழி. மருத்துவர் கையில் தரும் பரிசோதனைச் சீட்டுப் போல. கொலஸ்ட்ரால், வைட்டமின் டி, கூடவே நெஞ்சில் ஒரு நிழல், மூன்றுக்கும் ஒரே எழுத்தளவு.

அப்புறம் நடந்ததுதான் என்னை மிகவும் உறுத்துகிறது. போர்டு உறுப்பினர் ஒருவர் அறிக்கையை ஊராட்சியின் கட்டட அதிகாரிக்கு அனுப்பிவைத்தார். நவம்பர் 15 கூட்டத்துக்கு அந்த அதிகாரி நேரிலேயே வந்தார். கட்டடம் மிக நல்ல நிலையில் இருப்பதாகத் தெரிகிறது என்று அவர் சொன்னதாகக் கூட்டக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது. ஒரு பக்கம் 91 லட்சம் டாலர் கேட்கும் பொறியாளர், அவருக்கு இந்த வேலையால் வருமானம் வரும். இன்னொரு பக்கம் அரசு அதிகாரி, அவருக்கு ஒரு காசும் வராது. கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் சாதாரண உரிமையாளர் யாரை நம்புவார்? கட்டண உயர்வை எதிர்ப்பவர்களுக்கு அன்று கிடைத்த அந்த ஒரு வாக்கியம், அதற்குப் பிறகு வந்த எல்லாக் கூட்டங்களிலும் கண்ணுக்குத் தெரியாமல் வந்து உட்கார்ந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

2019-ல் போர்டே உடைந்தது. செப்டம்பரில் அப்போதைய தலைவி ராஜினாமா செய்தார். அவரையும் சேர்த்து ஏழில் ஐந்து பேர் இரண்டு வாரத்துக்குள் விலகினார்கள். ஒருவராவது பிறகு திரும்பி வந்தார். தலைவியின் ராஜினாமாக் கடிதம் பின்னாளில் வாஷிங்டன் போஸ்ட் வழியாக வெளியானது. மாதக்கணக்கில் ஒரு வழியில் வேலை செய்துகொண்டு போகிறோம், தொடக்கத்திலேயே பேசித் தீர்த்திருக்க வேண்டிய ஆட்சேபத்தைக் கடைசி நிமிடத்தில் கிளப்புகிறார்கள் என்று அதில் புலம்பியிருக்கிறார். தன்முனைப்புச் சண்டை, ஒருவரை ஒருவர் குழிபறிப்பது, வதந்தி, பொய் எல்லாம் பட்டியலில் உண்டு. இந்த போர்டு கடுமையாக உழைக்கிறது, ஆனால் நினைத்ததை முடிக்க முடியவில்லை என்பதும் அவர் வார்த்தைதான். எந்த அடுக்ககச் சங்கத்திலாவது செயலாளராக இருந்தவர்கள் இதைப் படித்தால், இது எங்கள் வாட்ஸ்அப் குழு அல்லவா என்பார்கள்.

கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கடைசி நிமிட ஆட்சேபம். கட்டண உயர்வை நேருக்கு நேர் எதிர்ப்பவர் குறைவு. கட்டடம் கெட்டால் கெடட்டும் என்று யாரும் எழுந்து சொல்வதில்லை. ஆட்சேபம் எப்போதும் மாற்றுடை போட்டுக்கொண்டுதான் வரும். இன்னொரு பொறியாளரிடம் கருத்துக் கேட்டீர்களா? மூன்று ஒப்பந்தக்காரர்களிடம் விலை வாங்கினீர்களா? அதைவிட இது அவசரமா? ஒவ்வொரு கேள்வியும் நியாயமானது, ஒவ்வொன்றுக்கும் பதில் தேட மூன்று மாதம் ஆகும். அதற்குள் ஆண்டுக் கூட்டம் வந்துவிடும், போர்டு மாறும், புதிதாக வந்தவர்கள் அறிக்கையை முதலிலிருந்து படிக்கத் தொடங்குவார்கள்.

2020-ல் பெருந்தொற்று வந்து சேர்ந்தது. அந்த ஆண்டு குளத்தளத்தில் சில இடங்களைத் திறந்து பார்த்தார்கள். குளத்தின் அருகே கான்கிரீட்டை ஆழமாகக் கொத்தி எடுத்தால் பக்கத்துக் கட்டமைப்பின் நிலைத்தன்மை பாதிக்கப்படலாம் என்பதால் பழுதுபார்க்கும் வேலையைச் செய்யாமல் விட்டதாக அக்டோபரில் பொறியியல் நிறுவனம் எழுதியது. இதற்குள் பணக் கணக்கும் வெளிச்சத்துக்கு வந்தது. ரிசர்வ் ஆய்வு ஒன்று, வரவிருக்கும் பழுதுகளுக்கு 1.03 கோடி டாலர் அளவுக்குக் கையில் இருக்க வேண்டும் என்றது. 2021 தொடக்கத்தில் இருந்ததோ ஏழு லட்சத்துச் சொச்சம். தேவையில் ஏழு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

ஒரு முரட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வட்டி, விலைவாசி எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுங்கள். 1.03 கோடியை 136 வீட்டுக்கும், 1981 முதல் 2021 வரை 480 மாதத்துக்கும் பகிர்ந்தால் ஒரு வீட்டுக்கு மாதம் சுமார் 158 டாலர் வருகிறது. கடற்கரையில் கான்டோ வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய தொகை இல்லை. ஆனால் அந்த 158-ஐ நாற்பது ஆண்டில் 480 தடவை கேட்டு வாங்க வேண்டும், நாற்பது பட்ஜெட் கூட்டங்களில் காப்பாற்ற வேண்டும். இந்த ஆண்டு மட்டும் விட்டுவிடலாமே என்று ஒருவர் சொன்னால் அவருக்குக் கைதட்டல் விழும். வேண்டாம், வசூலிப்போம் என்கிறவருக்கு அடுத்த தேர்தலில் வாக்கு விழாது.

சரி, 91 லட்சம் எப்படி 1.5 கோடி ஆனது? முழுவதும் தாமதத்தின் விலை என்று சொல்லிவிட முடியாது. பட்டியலும் நீண்டது, கட்டுமானச் செலவும் ஏறியிருந்தது. வசூல் பட்டியலில் முகப்பு, பால்கனி, கைப்பிடி வேலைக்கு 34 லட்சம் டாலர். நடைகூடங்களையும் பொது இடங்களையும் புதுப்பிக்க 7,22,000. இந்தக் கடைசி வரியை மட்டும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வீட்டுக்கு 80,000 டாலர் கேட்கும் நோட்டீஸில் வராந்தாவை அழகுபடுத்தும் செலவும் இருந்தால், எதிர்க்கிறவர்கள் கையில் அதைவிட நல்ல ஆயுதம் வேறென்ன வேண்டும்? உயிர்காக்கும் வேலையையும் ஒப்பனை வேலையையும் ஒரே கட்டில் கட்டிக் கொடுத்தது போர்டின் தப்பு என்பேன். வேலையாட்களை ஒரே சமயத்தில் இறக்கினால் செலவு மிச்சம் என்பது நிர்வாகப் புத்தி. ஓட்டு வாங்க அது உதவாது. 38 லட்சத்தைத் தனியாகப் பிரித்து 2018 டிசம்பரிலேயே கேட்டிருந்தால் வீட்டுக்குச் சராசரியாக 28,000 டாலர் வந்திருக்கும். கசப்பு மாத்திரைதான், ஆனால் விழுங்கக்கூடிய அளவு.

வேலை தொடங்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. மறுசான்றுக்கான முதல் கட்டமாகக் கூரை வேலை நடந்துகொண்டிருந்தது. சங்கம் வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்திருந்தது. இடிவதற்கு இரண்டு நாள் முன்பு, குள வேலைக்கு விலை சொல்ல வந்த ஒப்பந்தக்காரர் ஒருவர் அடித்தளத்தில் தேங்கிய தண்ணீரையும் விரிசலையும் துருப்பிடித்த கம்பியையும் படம் எடுத்திருக்கிறார். வேலைக்கு விலை சொல்லத்தான் அந்தப் படங்கள்.

அந்த இரவில் முதலில் விழுந்தது குளத்தளம். அதற்குப் பிறகு சில நிமிட அவகாசம் இருந்தது. பக்கத்து ஓட்டலில் தங்கியிருந்த சுற்றுலாப் பயணி ஒருவர், கார் நிறுத்துமிடத்துக்குள் தண்ணீர் கொட்டுவதையும் தரையில் இடிபாடு கிடப்பதையும் கைபேசியில் படம் பிடித்தார். பிறகு கோபுரம் சரிந்தது. எஞ்சி நின்ற பகுதியைப் புயல் வருவதற்குள் ஜூலை 4 இரவு வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனமான என்ஐஎஸ்டி பல ஆண்டு விசாரித்தது. இடிவு குளத்தளத்தில்தான் தொடங்கியது என்பதற்கே வலுவான ஆதாரம் இருப்பதாக அது சொல்கிறது. கூடவே அது வெளிப்படுத்தியது இதைவிடக் கசப்பானது. குளத்தளத்தின் வடிவமைப்பே அன்றைய கட்டட விதிகளை எட்டவில்லை. பல இடங்களில் பாதுகாப்பு வரம்பு ஆபத்தான அளவு குறைவு. அதன்மேல் மூல வரைபடத்தில் இல்லாத கனமான பூந்தொட்டிகள், புதுப்பிக்கும்போது பரப்பிய மணல், பாவுகற்கள். அரிப்பு கடைசியாக வந்து சேர்ந்த பாரம்.

ஆக, வசூலை எதிர்த்தவர்களால்தான் கட்டடம் விழுந்தது என்று எழுதினால் அது அநியாயம். அந்தக் கட்டடம் பிறக்கும்போதே பலவீனமாகப் பிறந்தது, அது எந்த உரிமையாளருக்கும் தெரியாது, 2018 அறிக்கையிலும் அது முழுதாக இல்லை. பணம் அன்றே வந்திருந்தால் நீர்க்காப்பை மாற்றத் தளத்தைத் தோண்டியிருப்பார்கள். தோண்டும்போது பாரம் இறங்கியிருக்கும், அடியில் உள்ள நிலைமை கண்ணில் பட்டிருக்கும், ஒருவேளை ஆட்களை வெளியேற்றியிருப்பார்கள். அந்த ஒருவேளைக்கு மேல் என்னால் போக முடியவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லலாம்: கூட்டத்தில் சண்டை போட்டவர்கள் யாரும் உயிரை வைத்துப் பேரம் பேசுகிறோம் என்று நினைக்கவில்லை. பணத்தைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று நினைத்தார்கள். எதிர்த்தவர்கள், ஆதரித்தவர்கள், கூட்டத்துக்கே வராதவர்கள் எல்லோருக்கும் மேலே ஒரே கூரைதான் இருந்தது.

கட்டடம் போன பிறகும் வசூல் சண்டை போகவில்லை, அது நீதிமன்றத்துக்குப் போனது. சங்கத்தின் காப்பீடு ஏறக்குறைய ஐந்து கோடி டாலர்தான். 98 உயிருக்கு அது எந்த மூலைக்கு? ஃப்ளோரிடா சட்டப்படி சங்கத்தின் பொறுப்பு ஓர் எல்லை வரை உரிமையாளர்கள் மேலேயே விழும். அப்படியென்றால் வீட்டை இழந்து உயிர் தப்பியவர், இறந்தவரின் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டியிருக்குமா? கட்டடத்தைப் பராமரிக்கும் கடமை உங்களுடையதுதானே, நீங்கள்தானே ஆண்டுக்கணக்காகப் பணம் கட்டாமல் இழுத்தீர்கள் என்ற வாதம் இப்போது பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இடையே வந்து நின்றது. நிலத்தை விற்று வரும் பணம் யாருக்கு என்பதும் இதே முடிச்சில் மாட்டிக்கொண்டது. 2022 பிப்ரவரியில் வீட்டை இழந்தவர்களுக்கு 8.3 கோடி டாலர் என்று சமரசம் ஆனது, அவர்கள் மேலான பொறுப்பும் விலக்கப்பட்டது.

ஜூன் 23-ல், அதாவது முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு முந்தைய நாள், இறந்தவர் குடும்பங்களுக்கும் காயம்பட்டவர்களுக்கும் 102 கோடி டாலருக்கு மேற்பட்ட தீர்வுக்கு நீதிபதி மைக்கேல் ஹான்ஸ்மன் ஒப்புதல் தந்தார். பொறியியல் நிறுவனம், பக்கத்துக் கட்டடத்தைக் கட்டியவர்கள், சங்கத்தின் வழக்கறிஞர் நிறுவனம் என்று இருபதுக்கு மேற்பட்ட தரப்புகள் தப்பை ஒப்புக்கொள்ளாமலே பணம் கொடுத்தன. பாதியளவு கொடுத்தது காவலாளியை அனுப்பிய பாதுகாப்பு நிறுவனம். அன்றிரவு எல்லா வீட்டுக்கும் எச்சரிக்கை ஒலியை எழுப்பவில்லை என்பது அதன் மேல் இருந்த குற்றச்சாட்டு.

இனி சட்டம். 2008-ல் ஃப்ளோரிடாவில் ஒரு சட்டம் வந்தது. பெரிய கான்டோக்கள் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பொறியாளரையோ கட்டடக் கலைஞரையோ வைத்துச் சோதித்துப் பழுதுச் செலவைக் கணிக்க வேண்டும் என்றது. சங்கங்களுக்குச் செலவு அதிகம் என்ற முணுமுணுப்பில் 2010-லேயே அதை நீக்கிவிட்டார்கள். இரண்டே ஆண்டு. ஒரு போர்டு செய்வதைச் சட்டமன்றமே பெரிய அளவில் செய்துகாட்டியது போல இருக்கிறது.

விபத்துக்குப் பிறகு 2022 மே மாதம் ஆளுநர் ரான் டிசான்டிஸ் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். மூன்று மாடிக்கும் அதற்கு மேலும் உள்ள கான்டோக்களுக்கு 30 வயதில் கட்டாயச் சோதனை, கடலோரத்தில் 25 வயதிலேயே (2023-ல் இதை உள்ளூர் நிர்வாகம் கேட்டால் மட்டும் என்று மாற்றினார்கள்), பிறகு பத்தாண்டுக்கு ஒருமுறை. கூரை, தாங்கும் சுவர், நீர்க்காப்பு, மின்சாரம் போன்றவற்றுக்கு எவ்வளவு பணம் தேவை என்று தனி ஆய்வு. முக்கியமானது, இந்த இனங்களுக்கான ரிசர்வை இனிமேல் ஓட்டுப் போட்டுத் தள்ளுபடி செய்ய முடியாது. கைதட்டல் வாங்கும் அந்தப் பழைய வாசலை மூடிவிட்டார்கள்.

மூடியதும் என்ன ஆனது? நாற்பது ஆண்டாகக் கட்டாத பாக்கி மாநிலம் முழுக்க ஒரே சமயத்தில் வாசலுக்கு வந்தது. வங்கிகள் கொடுக்கும் வீட்டுக்கடன்களை வாங்கிக்கொள்ளும் பெரிய நிறுவனமான ஃபேனி மே, பழுது தள்ளிப்போட்ட கட்டடங்களுக்கு ஏற்கெனவே கடுமையான நிபந்தனை வைத்திருந்தது. பழைய கான்டோக்களை விற்க முடியாமல் தவித்தவர்கள் ஏராளம். மாதக் கட்டணம் இரட்டிப்பானதும் ஓய்வு பெற்றவர்கள் வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனார்கள். எனக்கு இதில் இரண்டு மனசு. சட்டம் சரியானது, சந்தேகமே இல்லை. ஆனால் 2019-ல் கடன் வாங்கி வீடு வாங்கியவரிடம், 1985 முதல் 2018 வரை அங்கே மலிவாகக் குடியிருந்து லாபத்துக்கு விற்றுவிட்டுப் போனவரின் பாக்கியையும் சேர்த்து வசூலிக்கிறது அது. போனவரைத் தேடிப் பிடிக்க எந்தச் சட்டத்திலும் வழியில்லை.

புலம்பல் மாநிலத் தலைநகரத்தை எட்டியது. 2025 ஜூனில் சட்டத்தைத் தளர்த்தினார்கள். ஆய்வுக்குக் கூடுதலாக ஓர் ஆண்டு அவகாசம். ரிசர்வில் பணமாகத்தான் சேர்க்க வேண்டும் என்பதில்லை, உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் கடன் ஏற்பாடும் போதும். கட்டாயச் சோதனை முடித்த கட்டடம் பழுது வேலைக்குப் பணம் ஒதுக்குவதற்காக ரிசர்வ் சேர்ப்பதை இரண்டு ஆண்டு வரை நிறுத்தி வைக்கலாம். ஒவ்வொரு தளர்வுக்கும் காரணம் உண்டு, எல்லாமே நியாயமான காரணம்தான்.

சாம்ப்ளெய்ன் சவுத் நின்ற இடத்துக்குச் சற்று வடக்கே அதன் இரட்டைப் பிறவியான சாம்ப்ளெய்ன் டவர்ஸ் நார்த் இன்னும் நிற்கிறது. ஏறக்குறைய அதே காலம், அதே வடிவம். பழுதை அவ்வப்போது பார்த்து வந்ததாக அங்குள்ளவர்கள் சொன்னார்கள். தெற்குக் கட்டடத்தின் காலி மனையை 2022-ல் துபாயைச் சேர்ந்த டமாக் நிறுவனம் 12 கோடி டாலருக்கு வாங்கியது. போட்டிக்கு வேறு யாரும் வரவில்லை. 136 வீடு இருந்த இடத்தில் 37 வீடு கொண்ட 12 மாடிக் கட்டடம் வருகிறது. ஒரு வீட்டின் விலை 1.5 கோடி டாலரில் தொடங்கும் என்று அறிவித்திருக்கிறார்கள்.